கோடு நேராகத்தான் இருந்தது

ஜூன் 8, ஞாயிறு

பழைய கேமராவை இனித் தூக்கப் போவதில்லை. ஆராதனை முடிந்து வந்ததும் லென்ஸோடு சேர்த்து அடுக்களைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒன்றே முக்கால் கிலோ. போன மாதம் கூந்தன்குளத்தில் பறவைகளைப் படம் எடுத்துவிட்டு வந்து இரண்டு நாள் கழுத்தைத் திருப்ப முடியாமல் கிடந்தது சும்மா இல்லை.

அக்டோபரில் மேகாலயா போகிறோம். இவர் தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றதும் போட்ட திட்டம் அது. கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் வேளாங்கண்ணியும் ஊட்டியும் தவிர வேறெங்கும் போனதில்லை. அங்கே ஆயிரக்கணக்கில் படி இறங்கினால்தான் மர வேர்களைப் பின்னி வளர்த்த வேர்ப்பாலத்தைப் பார்க்க முடியுமாம். எடை குறைந்த மிரர்லெஸ் கேமரா ஒன்று வாங்கிவிட வேண்டியதுதான்.

"போன்லயே தெளிவா விழுதே ஹெப்சி. அது எதுக்கு தனியா?" என்றார் இவர்.

"போனைக் கைய நீட்டிப் பிடிச்சு எடுக்கணும். எனக்குக் கண்ணை வச்சுப் பாத்தாத்தான் படம் எடுத்த மாதிரி இருக்கும்."

"ஒனக்கு எதையும் ஒரு ஓட்டைக்குள்ள பாத்தாத்தான் நம்பிக்கை."

முப்பத்தோரு வருஷமாக லேபில் மைக்ரோஸ்கோப்பில் ரத்தம் பார்க்கிறவளிடம் இதைச் சொல்கிறார். கோபித்துக்கொண்ட மாதிரி எழுந்துபோய் வெங்காயம் உரித்தேன்.

ஜூன் 14, சனி

வண்ணார்பேட்டையில் ரவூப் பாயின் கேமராக் கடைக்குப் போனேன். பழைய கேமராவும் அவரிடம் வாங்கியதுதான்.

முதலில் வெள்ளி நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்தார். முந்நூற்றைம்பது கிராம்கூட இல்லை, சோப்பு டப்பா மாதிரி இருந்தது. ஆனால் கண்ணை வைத்துப் பார்க்க வியூஃபைண்டர் கிடையாது, பின்னால் உள்ள திரையில்தான் பார்க்க வேண்டும். வேண்டாம் என்றேன். இரண்டாவது கருப்பு. மூலையில் வியூஃபைண்டர், கைநடுக்கத்தைச் சரிசெய்கிற வசதி, மழைத்தூறல் தாங்கும். கையில் பொருந்தி உட்கார்ந்தது. கடை வாசலுக்கு வந்து வியூஃபைண்டர் வழியாக எதிர்வரிசைக் கட்டடத்தைப் பார்த்தேன். ஷட்டர் கதவின் ஓரம் வயிறு தள்ளியது போல நடுவில் வளைந்து தெரிந்தது.

"லென்ஸ் சரியில்ல பாய். கோடெல்லாம் வளையுது."

"கூடவே வர்ற லென்ஸ்லா, லேசா இருக்கத்தான் செய்யும்க்கா. வேற லென்ஸ் வரவழைக்கேன், போட்டுப் பாருங்க."

திரும்பும்போது மாவு மில்லில் கூட்டம். ஒரு மணி நேரம் போயிற்று.

ஜூன் 25, புதன்

கேஸ் சிலிண்டர் தீர்ந்தது. லேபில் ரத்தப் பரிசோதனைக்கான புது ரீஏஜன்ட் வரவில்லை. மேகாலயாவுக்கு ரயில் வேண்டாம், கல்கத்தா வரை விமானம் என்று இவர் முடிவு செய்துவிட்டார்.

ஜூலை 5, சனி

விலை கூடிய லென்ஸ் வந்தது. அதிலும் வளைகிறது. கட்டடம் மட்டுமில்லை, மின்கம்பம், பெயர்ப்பலகை எல்லாம். நடுவில் புகை படிந்த மாதிரி ஒரு மங்கலும் இருக்கிறது. வியூஃபைண்டர் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தேன், பாய் தன்னிடமிருந்த மெல்லிய துணியால் துடைத்தார். போகவில்லை. இந்தக் காலத்துக் கேமராவில் கண்ணாடி வழியாக நேராகப் பார்ப்பதில்லை, உள்ளே குட்டித் திரை ஒன்றில்தான் பார்க்கிறோம். அந்தத் திரையில்தான் கோளாறு இருக்க வேண்டும்.

பாய் வேறு கம்பெனி கேமரா ஒன்றை மதுரையிலிருந்து கொண்டுவரச் சொல்கிறேன் என்றார். நான் இவ்வளவு பார்ப்பது அவருக்குச் சலிப்பாக இருக்கும். முகத்தில் காட்டவில்லை.

ஜூலை 9, புதன்

காய்ச்சல் சீசன் தொடங்கிவிட்டது. இன்று மட்டும் நாற்பத்தாறு ரத்த ஸ்லைடு. ரத்த அணுக்களை எண்ணும் மெஷின் சந்தேகம் சொன்னவற்றை எல்லாம் நான் கண்ணால் பார்க்க வேண்டும். மாலை நாலு மணிக்குத்தான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன்.

லேபில் கூட வேலை பார்க்கிற ஷிபா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "என்னக்கா, தலையச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பாக்கீங்க?" என்றாள்.

கழுத்துவலி என்றேன். பழைய கேமரா தந்தது. மைக்ரோஸ்கோப்பின் விளக்கும் மாற்ற வேண்டும், வெளிச்சம் முன்மாதிரி இல்லை. எங்கள் லேப் டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் வழக்கம்போல ரிப்போர்ட்களில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஹெப்சிம்மா பாத்தா நான் பாத்த மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர்.

ஜூலை 19, சனி

மதுரையிலிருந்து வந்த கேமராவும் அப்படித்தான்.

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்துவிட்டது. "ரெண்டு கேமரா, மூணு லென்ஸ் பாத்துட்டேன் பாய், ஒண்ணுகூட நேரா காட்டலியே" என்றேன். அவர் நான் வாசலில் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கினார். பிறகு ஒரு இரும்பு அடிக்கோலை எடுத்து, படத்தில் ஷட்டர் கதவின் ஓரத்தோடு சேர்த்துத் திரையில் வைத்தார்.

"கோடு நேராத்தான் இருக்குக்கா."

பார்த்தேன். நேராகத்தான் இருந்தது.

கேமராவை வாங்கித் தானும் வைத்துப் பார்த்தார். "இதுலயும் நேராத்தான் தெரியுது" என்றார். திரும்ப வாங்கி வலது கண்ணில் வைத்தேன், வளைந்தது. இடது கண்ணில் வைத்தேன், நேராக இருந்தது.

வியூஃபைண்டரைக் கண் வைக்கிற கோணத்தில் ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பாய் ஆட்டோ ஏறும்வரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 20, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை.

காலையில் குளியலறையில் இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு சுவர் டைல்ஸைப் பார்த்தேன். கட்டம் கட்டமாக இருக்க வேண்டிய சுவர், தண்ணீருக்குள் கிடக்கிற வலை மாதிரி நெளிந்தது. கையை எடுத்தேன், சரியாகிவிட்டது. மறுபடி பொத்தினேன். நெளிந்தது. எத்தனை தடவை செய்தேன் என்று தெரியாது. வெளியே வந்தேன். இவர் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதே மாதிரி பொத்திக்கொண்டு இவரைப் பார்த்தேன்.

காது இரண்டும் இருந்தன. முடி இருந்தது. சட்டைக் காலர் இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் மாதிரி ஒன்று.

"என்னட்டி, கண்ணப் பொத்தி விளையாடுத?" என்று கேட்டார், முகம் இல்லாமலே.

ஜூலை 22, செவ்வாய்

கண் ஆஸ்பத்திரி. கட்டம் போட்ட ஒரு அட்டையைக் கொடுத்து நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னார்கள். வலது கண்ணுக்குப் புள்ளியே இல்லை. கை நரம்பில் சாயம் ஏற்றிக் கண்ணைப் படம் எடுத்தார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். படத்தைத் திருப்பிக் காட்டினார். சின்ன வயதிலிருந்து எனக்கு மைனஸ் ஒன்பது பவர். அப்படிப்பட்ட கண்ணில் விழித்திரை மெலிந்துபோய், அதன் அடியில் புதிதாக ரத்தக்குழாய் முளைத்துக் கசியுமாம்.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கும்மா?"

"ஒரு மாசம்."

"இது ஒரு மாசம் இல்லம்மா. மூணு மாசமாவது இருக்கும். ரெண்டு கண்ணும் தொறந்திருந்தா தெரியாது, நல்ல கண்ணு இதை மறைச்சிரும். ஒத்தக் கண்ணால ஏதாவது பாப்பீங்களா?"

கேமரா பார்ப்பேன் என்று சொன்னேன்.

கண்ணுக்குள் ஊசி போட வேண்டும். கசிவு நிற்கும், போன பார்வை முழுதும் வராது என்றார். வெளியே வந்ததும் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். தெருவில் பிடிக்கிற பழக்கம் கிடையாது.

ஜூலை 24, வியாழன்

ஊசி போட்டாயிற்று. வலி பெரிதில்லை.

மூன்று நாளாக ஒன்றை எழுதாமல் தள்ளிக்கொண்டே போகிறேன். எழுதிவிடுகிறேன். கண் டாக்டர் கேட்டபோது நான் கேமராவை மட்டும்தான் சொன்னேன்.

நான் தொழில் படித்தது ஒற்றைக் குழாய் மைக்ரோஸ்கோப்பில். வலது கண் குழாயில், இடது கண் திறந்தபடி பக்கத்தில் எண்ணிக்கை எழுதுகிற தாளில். இரட்டைக் குழாய் வந்த பிறகும் என் பழக்கம் மாறவில்லை. முப்பத்தோரு வருஷமாக ரத்தம் பார்ப்பது என் வலது கண் ஒன்றுதான்.

மூணு மாசமாவது இருக்கும் என்றார் அந்தப் பெண்.

ஜூலை 25, வெள்ளி

இவரிடம் சொன்னேன். "யாரும் கேக்கலியே ஹெப்சி. நீ பாட்டுக்கு உடம்பு சரியில்லனு வேலையிலேர்ந்து நின்னுக்கோ" என்றார். நான் லேபுக்குப் போகிற பையை எடுத்துக்கொண்டேன். பிறகு தானே எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, கொண்டுபோய் விடுதேன்" என்றார்.

லேபில் எங்கள் டாக்டர் இசக்கியப்பன் அறையில் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். முதலில் என் கண்ணைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தார், எந்த ஆஸ்பத்திரி, என்ன ஊசி என்று. சட்டென்று நிறுத்தினார். அவருக்கும் புரிந்துவிட்டது. கையில் இருந்த பேனாவை மூடி போட்டு வைத்தார். திரும்ப எடுத்தார். திரும்ப வைத்தார்.

"எதுலேர்ந்து பாக்கணும்?"

"ஏப்ரல் கடைசிலேர்ந்து, சார்."

"ஸ்லைடெல்லாம் இருக்கா?"

"பெட்டியில இருக்கு. ஒண்ணும் தூக்கிப் போடல."

"என் கையெழுத்துல்லா எல்லாத்துலயும் இருக்கு" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

ஜூலை 29, செவ்வாய்

மெஷின் சந்தேகப்பட்டு நான் கண்ணால் பார்த்த ஸ்லைடுகள் மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு. டாக்டர் நோயாளி பார்ப்பதை நிறுத்திவிட்டு நாலு நாளாக மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்திருக்கிறார். ஷிபா பெட்டியிலிருந்து எடுத்துத் தருகிறாள். நான் என் ரிப்போர்ட்டை வாசிக்கிறேன், அவர் பார்த்துவிட்டு "சரி" என்கிறார். இன்றைக்கு வரை முந்நூற்று இருபது சரி.

வீட்டில் கறிவேப்பிலைச் செடி வாடிவிட்டது. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை.

ஜூலை 30, புதன்

முந்நூற்று அறுபத்தேழாவது.

முப்பிடாதி, வயது இருபத்தொன்பது. ஜூலை 9 தேதி ஸ்லைடு. நான் எழுதியிருந்தது: காய்ச்சலால் வந்த சாதாரண மாற்றம்.

டாக்டர் "சரி" சொல்லவில்லை. ஸ்லைடை நகர்த்தினார். திரும்ப அதே இடத்துக்கு வந்தார். எழுந்து எனக்கு இடம் விட்டார். நான் இடது கண்ணை வைத்தேன். பழக்கமில்லாத கண், கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு தெரிந்தது. ஒன்றல்ல, எந்தப் பக்கம் நகர்த்தினாலும் ஒன்றிரண்டு. எலும்பு மஜ்ஜையை விட்டு வெளியே வரவே கூடாத முதிராத செல்கள், உள்ளே ஊசி ஊசியாகக் கோடுகளோடு. படிப்பு முடித்து வந்த முதல் வருஷத்திலேயே நான் கண்டுபிடித்து டாக்டரிடம் பாராட்டு வாங்கிய அதே செல்.

ரத்தப் புற்றுநோய். மூன்று வாரம் ஆகிவிட்டது.

ஷிபா என் தோளைப் பிடித்தாள்.

ஜூலை 31, வியாழன்

மீதி நாற்பத்தைந்தும் சரி. ஒருவர்தான்.

முப்பிடாதிக்கு டைல்ஸ் ஒட்டுகிற வேலை. ஊர் முன்னீர்பள்ளம். டாக்டரே போன் போட்டார். மனைவி எடுத்தாள். பல் ஈறில் ரத்தம் வருகிறது, காலெல்லாம் நீலநீலமாக இருக்கிறது, டைபாய்டு என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், ரத்தத்தில் ஒன்றுமில்லை என்றுதான் ரிப்போர்ட்டில் இருக்கிறதே என்றாளாம். டாக்டர் தன் காரையே அனுப்பினார். இரவுக்குள் மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று.

இந்த வகை, மருந்து சரியான நேரத்தில் ஆரம்பித்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். ஆரம்ப நாட்களைத் தாண்டுவதுதான் பாடு, உள்ளே ரத்தம் கசிந்துவிட்டால் போச்சு. இதை நான் லேபுக்குப் பயிற்சிக்கு வரும் மாணவிகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

மதுரைக்குப் போனேன். போகாதே என்று ஷிபா அழுதாள். அடிக்க வந்தால் என்ன செய்வீர்கள் என்றாள். இவர் கூட வந்தார், ஆனால் வார்டு வாசலோடு நின்றுகொண்டார்.

முப்பிடாதி தீவிர சிகிச்சைப் பிரிவில். வெளியே நடையில், சுவரோரம் பாய் விரித்து அவன் மனைவி வடிவு உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். மடியில் ஃபிளாஸ்க். நான் யார் என்று சொன்னேன். லேபிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் எழுந்து, "டாக்டர் அனுப்பினாவளா?" என்று கேட்டாள். குரலில் மரியாதை இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

"இல்லம்மா. நானாத்தான் வந்தேன். ஜூலைல ஒங்க வீட்டுக்காரர் ரத்தத்தப் பாத்து ஒண்ணுமில்லனு எழுதுனது நான்தான். எனக்குக் கண்ணு கெட்டுப் போயிருந்துச்சு. அது எனக்குத் தெரியல. தெரிஞ்சிருக்கணும்."

அவள் ஃபிளாஸ்கை மார்போடு அணைத்துக்கொண்டாள். புரியவில்லையோ என்று நினைத்தேன்.

"தெரியாமயா கண்ணு கெடும்?" என்றாள்.

நான் என்ன சொல்ல? ஒரு மாதம் கேமராவைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன் என்றா? ஷிபா கேட்டபோது கழுத்துவலி என்று சொன்னேன் என்றா?

"வளைஞ்சு தெரிஞ்சது. நான் வேற எது மேலயோ பழியப் போட்டேன்" என்றேன்.

"இன்னும் எத்தன பேருக்கு இப்படி எழுதிக் கொடுத்திருக்கீய?"

"நானூத்திப் பன்னெண்டு ஸ்லைடையும் திரும்பப் பாத்தாச்சு. இவர் ஒருத்தருக்குத்தான்."

"ஒருத்தருக்கா."

"ஆமா."

"அந்த ஒண்ணு எங்க வீட்டுக்குத்தானா வரணும்" என்றாள். கத்தவில்லை. ஃபிளாஸ்கைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். சேலையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். நான் குனிந்தேன். "தொடாதீய" என்றாள்.

தொடவில்லை. போகவும் இல்லை. அரை மணி நேரம் அப்படியே நின்றேன். நர்ஸ் வந்து ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும், அதே பிரிவு, இன்றைக்கே என்றாள். வடிவு யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாசலில் நின்ற இவர் உள்ளே வந்து, "என்ன பிரிவு?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

முப்பிடாதிக்கு பிளேட்லெட் தட்டணு கொடுக்க இதுவரை பதினொரு பேர். பாதிப் பேர் இவருடைய பழைய தபால்காரர்கள். பட்டியலை நான் வைத்திருக்கிறேன். வடிவிடம் பேசுவது இவர்தான். என்னிடம் அவள் பேசுவதில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

முப்பிடாதிக்கு நேற்று மூக்கில் ரத்தம் நிற்கவில்லை. இன்று நினைவு தப்பியிருக்கிறது. மூளையில் கசிவு இருக்கலாம் என்கிறார்கள்.

ஆகஸ்ட் 16, சனி

ஒன்றும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கண் திறந்தான். மனைவி பெயரைச் சொல்லியிருக்கிறான். இவர் போனைக் காதில் வைத்தபடி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

செப்டம்பர் 3, புதன்

இரண்டாவது ஊசி. கசிவு குறைந்திருக்கிறது, நடுப்புள்ளி வரவில்லை. லேபில் ஸ்லைடு பார்ப்பதை விட்டுவிட்டேன். டாக்டர் இப்போது ஒவ்வொரு ஸ்லைடையும் தானே பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுகிறார். வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் எல்லோருக்கும் கண் பரிசோதனை என்று சுவரில் எழுதி ஒட்டிவிட்டார். நான் ரத்தம் எடுக்கிறேன், மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். முதல் பாடம் என் கதை. சொல்லும்போது யாரும் பேனாவை அசைப்பதில்லை.

விமான டிக்கெட்டை ரத்து செய்தோம். இவர்தான் செய்தார், என்னிடம் கேட்காமல்.

நவம்பர் 22, சனி

ரவூப் பாய் கடைக்கு இவர் வற்புறுத்தி அழைத்துப் போனார். மேகாலயாவுக்குப் பிப்ரவரியில் போவோம், அப்போது மழை இருக்காது என்கிறார்.

மூலையில் வியூஃபைண்டர் உள்ள கேமரா எதுவும் எனக்கு இனி ஆகாது. அது வலது கண்காரர்களுக்கு. இடது கண்ணை வைத்தால் மூக்கு போய்த் திரையில் நசுங்குகிறது. பாய் நடுவில் வியூஃபைண்டர் உள்ள ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நானூற்று இருபது கிராம். திரையை வெளியே மடக்கித் திருப்பலாம், முகத்தைத் தானே கண்டுபிடித்துக் குவிக்கும். "நீங்க கஷ்டப்பட வேண்டாம்க்கா, கண்ணு எங்க இருக்குனு அதுவே பாத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு.

அதைக் கையில் வைத்திருக்கும்போதுதான் போன் அடித்தது. தெரியாத எண்.

"நான் வடிவு பேசுதேன்."

இவர் எண்ணுக்குத்தான் எப்போதும் பேசுவாள். எனக்கு முதல் தடவை.

"மஜ்ஜையில இப்ப ஒண்ணும் இல்லனு சொல்லிட்டாவ. ரெண்டாவது தடவையும் பாத்துட்டாவ. இன்னும் ஒரு வருசம் மருந்து இருக்கு. திங்கக்கிழம வீட்டுக்குப் போறோம்."

"சரிம்மா" என்றேன். நன்றி சொல்ல எனக்கு உரிமை இல்லை, சந்தோஷப்பட்டேன் என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது.

பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது. வைத்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ஒங்க கண்ணு எப்படி இருக்கு?"

நாலு மாதமாக எத்தனையோ பேர் கேட்ட கேள்விதான். அவள் வாயிலிருந்து வரும் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. கேமராவை மேசையில் வைத்தேன். போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். ரவூப் பாய் எழுந்து கடைக்கு வெளியே போய்த் தெருவைப் பார்த்து நின்றுகொண்டார்.

"எக்கா, இருக்கீயளா?"

"இருக்கேன்" என்றேன். "இடது நல்லா இருக்கு."

"வலதையும் விட்டுராதீய. ஊசியத் தள்ளிப் போடாமப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

நடுவில் வியூஃபைண்டர் உள்ளதையே வாங்கிக்கொண்டு வந்தோம். பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை.